தகரத்துக்கு இந்தப் பக்கம்

என் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன் என்று தெரிந்துதான் வந்திருக்கிறான் இந்தப் பையன். பையன் என்று சொல்லக்கூடாது, முப்பது வயதாவது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் பளபளவென்று ஷூ, ஷூவுக்கு மேலே நீல பிளாஸ்டிக் உறை. டயாலிசிஸ் அறைக்குள் வருவதென்றால் அதை மாட்டிக்கொண்டுதான் வரவேண்டும், டெக்னீஷியன் ஷர்மிளா மந்திரியே வந்தாலும் விடமாட்டாள். அபினேஷ் என்று பெயர் சொன்னான். மக்கள் தொடர்பு என்றான். பைபாஸுக்கு மேலே தூண் போட்டு வரப்போகிற ஆறுவழிச் சாலை வேலைக்கு இந்தப் பக்கத்து ஜனங்களைத் தயார்படுத்துவதுதான் அவன் உத்தியோகமாம். தயார்படுத்துவது. அந்த வார்த்தை தொண்டையில் மாத்திரை மாதிரி நிற்கிறது, முழுங்கத் தண்ணீர் இல்லை, எனக்குத் தண்ணீர் அளந்துதான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளைச் சுண்ணாம்புக் கோட்டில் குனிய வைத்து 'ரெடி' என்று சொன்னால், அந்த முதுகுகள் எல்லாம் ஒரு நொடி வில்லாக நிற்கும், மூச்சுக்கூட விடமாட்டார்கள், அதற்கப்புறம் ஓடியாகவேண்டும், ஓடவிடாமல் அப்படியே நிறுத்திவைத்தால் பாவம். தயார்படுத்துகிறவனுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது. இவன் எங்களை எதற்குத் தயார்படுத்துகிறான், படுத்துக்கிடக்கவா, அதற்கு நாங்கள் ஏற்கனவே நல்ல பயிற்சியில் இருக்கிறோம், தம்பி. பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் ஐந்து நாற்காலி, ஐந்து மெஷின், ஐந்து பேர், ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஊசி. வாரத்தில் மூன்று நாள் சொல்லிவைத்த மாதிரி வந்து சாய்ந்துகொள்கிறோம்.

வெளியே மறுபடி கட்டக் கட்டக் கட்ட என்று ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்தே இருக்கிறது. தாரைத் துளைக்கிற சத்தம். முதலில் பல்லில் கேட்கிறது, பிறகு நாற்காலியின் கைப்பிடியில், பிறகு ஊசி குத்தியிருக்கிற இடத்தில். ஷர்மிளா திரையை விலக்க மாட்டாள், தூசி வரும் என்பாள், அதனால் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரியாமல் கேட்கிற சத்தம்தான் அதிகச் சத்தம். எந்த ஒயரை வெட்டப்போகிறார்களோ. கண்ணை மூடினால் ஒயர்தான் தெரிகிறது, மண்ணுக்குள் கறுப்பாக, என் கைத்தண்டி, அதன் மேலே இறங்குகிற உளி. மெஷினில் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதுதான் ரத்தத்தைத் தள்ளுவது, அது நின்றால் குழாயில் இருக்கிறது குழாயிலேயே உறைந்துவிடும். கரண்ட் போனால் கவலைப்படாதீங்க டீச்சர், கைப்பிடி இருக்கு, கையால சுத்துவேன் என்று ஷர்மிளா ஒருமுறை காட்டியிருக்கிறாள். நல்லதுதான், ஆனால் ஷர்மிளாவுக்கு இரண்டு கை, இங்கே ஐந்து சக்கரம். முதலில் யாருடையதைச் சுற்றுவாள். இதை நினைக்கக்கூடாது. இதை நினைக்கக்கூடாது என்று நினைத்த உடனே முகங்கள் வந்து வரிசையில் நிற்கின்றன, டீமுக்கு ஆள் எடுக்கும்போது நிற்கிற பிள்ளைகள் மாதிரி, என்னை எடுங்க மிஸ், என்னை எடுங்க. எனக்குப் பக்கத்து நாற்காலியில் தணிகாசலம். பல்லவன் பஸ் காலத்திலிருந்து கண்டக்டராக இருந்தவர், சர்க்கரையில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அவரைத்தான் முதலில் சுற்றவேண்டும் என்று நல்ல மனசோடு ஒரு கணம் நினைக்கிறேன், அடுத்த கணமே, ஏன், நான் ஏன் இரண்டாவது, என்று உள்ளேயிருந்து ஒருத்தி எழுந்து கேட்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கும். அவள் இல்லையென்றால் இத்தனை நாள் இந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டேன்.

"மேடம், தூங்குறீங்களா?" என்கிறான் அபினேஷ். மெதுவான குரல், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. இல்லை என்று தலையாட்டினேன். கையில் ஒரு துணிப்பை வைத்திருக்கிறான். அந்தப் பை எனக்குத் தெரியும், போன வாரம் எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு முகக்கவசம், காதில் வைத்துக்கொள்ள ரோஸ் நிறத்தில் பஞ்சு மாதிரி இரண்டு அடைப்பான், 'உங்கள் பொறுமை, எங்கள் வேகம்' என்று எழுதிய சாவிக்கொத்து. என் வீட்டுக்காரர் அருளப்பன் அந்த அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார். நான் சமையலறையிலிருந்து கத்தினால் திரும்பமாட்டார். காதில் வைத்திருப்பதை எடுங்கள் என்று சைகை காட்டினால், "இல்ல பிலோ, இப்பவே பழகிக்கிட்டா நல்லது" என்கிறார். பழகிக்கொள்வதில் என் வீட்டுக்காரருக்கு நிகர் யாரும் இல்லை. என் கிட்னி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே, "வாரம் மூணு நாள்தானே, ஆபீஸ் மாதிரி போயிட்டு வந்துரலாம்" என்றார். அப்போது அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று அழுதுகொண்டிருக்கிறார், என் சேலையைப் பிழியாமலே கொடியில் போட்டுக்கொண்டு, தண்ணீர் அவர் காலில் சொட்டுகிறது. ஆக, பழகிக்கொள்கிறவர்களும் எல்லாவற்றுக்கும் பழகிவிடுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் சொல்கிறாள், இங்க வந்துரும்மா, இங்கயும் சென்டர் இருக்கு, அந்த ஊர்ல இனிமே மனுஷன் இருக்க முடியுமா என்று. ஊர் காலியாகிறது என்று சொன்னால் முதலில் காலிசெய்ய வேண்டியது நான்தானா. என் பள்ளிக்கூட மைதானத்தில் இப்போது கம்பி அடுக்கியிருக்கிறார்கள். வாடகைக்கு விட்டுவிட்டார்கள், பிள்ளைகள் வராந்தாவில் நின்று கையை மேலே தூக்கிக் கீழே போடுகிறார்கள், அதற்குப் பெயர் பி.டி.யாம். நான் கேட்டின் வழியாகப் பார்த்தேன். என் சுண்ணாம்புக் கோடுகளுக்கு மேல் கம்பி. துருப்பிடித்த தண்ணீர் ஓடி, நூறு மீட்டர் பாதை முழுக்கச் சிவப்பு.

அபினேஷ் அறையின் நடுவில் நின்று எல்லோருக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்தான். சர்வீஸ் ரோடு மூடப்படும். மூன்று வருஷம்தான். பெரிய பெரிய மெஷின் வந்து நிற்க இடம் வேண்டுமில்லையா. இந்த சென்டருக்கு வருகிறவர்கள் பைபாஸுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டு நடைமேம்பாலத்தின் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடலாம், பாதுகாப்பான வழி, தரமான கைப்பிடி. "கொஞ்ச நாள் சிரமம்தான், இல்லேன்னு சொல்லல. அப்புறம் உங்களுக்கே நிரந்தர வசதி." உங்களுக்கே. மேலே போகிற சாலையிலிருந்து எங்கள் ஊரில் இறங்குவதற்கு வழியே கிடையாது, படத்தில் பார்த்தேன், மகாபலிபுரத்துக்குப் போகிறவன் எங்கள் தலைக்கு மேலே போவான், எங்களுக்கு நிழல் கிடைக்கும். தணிகாசலம் கண்ணைத் திறக்காமலே கேட்டார், "அந்தப் பாலத்துல எத்தினி படி சார்?" அபினேஷ், "லிஃப்ட் வருது ஐயா" என்றான். "எப்போ?" "இரண்டாம் கட்டத்துல." தணிகாசலம் போர்வையை விலக்கி, கால் இல்லாத இடத்தைக் காட்டினார், ஏதோ பஸ்ஸில் காலி சீட்டைக் காட்டுகிற மாதிரி. "எனக்கு முதல் கட்டம் மட்டும்தான் பாக்கியிருக்குது. ரெண்டாம் கட்டம் போயிடுச்சு. நான் இன்னா பண்ணணும், குதிச்சுக் குதிச்சு வரட்டா?" கோடியில் படுத்திருந்தவர் சிரித்தார், சிரித்ததில் அவர் மெஷின் கூப்பாடு போட்டது, ஷர்மிளா ஓடிப்போய் அதன் வாயை மூடினாள். அபினேஷும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்தால் கோபப்பட வசதியாக இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. கொடுமைக்காரனாக ஒருத்தனை அனுப்பினால் என்ன இவர்களுக்கு. நல்ல பிள்ளையாகப் பார்த்து, வீட்டில் அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொடுக்கிற பிள்ளையாகப் பார்த்து அனுப்புகிறார்கள், நாங்கள் கத்த ஆரம்பித்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கட்டும் என்று.

"தம்பி, டயாலிசிஸ் முடிஞ்சு எழுந்தா எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன். தெரியாது என்றான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், எப்படிச் சொல்வது. உடம்பிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள், எழுந்தால் தரை பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியாது. கெண்டைக்கால் சதை கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஆட்டோ வாசலில் நிற்கும், மொய்தீன் பாய் பின் சீட்டில் தலையணை போட்டு வைத்திருப்பார், வாசலிலிருந்து ஆட்டோவுக்கு இருக்கிற தூரமே எனக்கு ஒரு மைதானம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசு ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டது. போகாதே என்றால் கேட்காது. அங்கே இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள், போன மழைக்கு முன்னால் சாந்தகுமார் படுத்திருப்பான். கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர், நாற்பது வயதாகவில்லை, சாய்ந்துகொண்டே போனில் எந்த பார்சல் எங்கே போகவேண்டும் என்று அதட்டிக்கொண்டிருப்பான். மழையில் சர்வீஸ் ரோடு முழுகிப்போனது. இடுப்பளவு. எங்களில் சிலரை டிராக்டரில் கொண்டுவந்தார்கள். அவன் வீடு அந்தப் பக்கம், டிராக்டர் அங்கே போகவில்லை, நாளைக்கு வடிஞ்சிடும் டீச்சர், நான் நாளைக்கு வர்றேன் என்று போனில் சொன்னான். மறுநாளும் அதையே சொன்னான், ஆனால் வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கியது. தண்ணீர் தெருவில் ஏறினது ஒரு பக்கம், அவன் நெஞ்சுக்குள் ஏறினது இன்னொரு பக்கம். தெருவில் வடிந்தது. வழி இல்லை என்றால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதை நான் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. இதை இவனிடம் சொன்னேனா, நினைத்துக்கொண்டேனா. சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, ஏனென்றால் தணிகாசலம் கண்ணைத் திறந்து அந்த ஜன்னலோர நாற்காலியைப் பார்க்கிறார். அபினேஷ், "வழி அடைக்கறது அடுத்த மாசம்தான் மேடம். அதுக்கு முன்னாடி உங்க எல்லார்கிட்டயும் கலந்து பேசித்தான் செய்வோம். நான் உறுதியா சொல்றேன்" என்றான். உறுதி. உறுதியாகச் சொல்கிறவர்களின் கண் ஏன் எப்போதும் கதவைப் பார்க்கிறது.

பிறகு போனை எடுத்தான். ஒரு சின்ன வீடியோ, அரை நிமிஷம்கூட வேண்டாம், 'எங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள், நாங்கள் ஒத்துழைப்புத் தருகிறோம்' என்று யாராவது இரண்டு பேர் சொன்னால் போதும், மேலே அனுப்பவேண்டும் என்றான். ஒத்துழைப்பு. எனக்குச் சேர்ந்து உழைக்கத் தெரியும், நானும் என் கிட்னிகளும் அறுபது வருஷம் சேர்ந்து உழைத்தோம், அதற்கப்புறம் நானும் இந்த மெஷினும். நீ யார் நடுவில். நான் உழைக்கிறேன், மொய்தீன் பாய் உழைக்கிறார், ஷர்மிளா காலையிலிருந்து உட்காரவில்லை, இதில் உன் பங்கு எது, பூசிக்கொள்ள ஒரு வார்த்தை. தணிகாசலத்தின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். தணிகாசலம் தன் பழைய குரலில், "எல்லாம் எறங்கு, எறங்கு, வண்டி இதுக்கு மேல போவாது!" என்று ஒரு சத்தம் போட்டார். கோடியில் இருந்தவருக்கு மறுபடி சிரிப்பு, மறுபடி மெஷின் கூப்பாடு. ஷர்மிளா, "சார், நீங்க வெளிய போங்க, எல்லாருக்கும் பிரஷர் ஏறுது" என்றாள். அவன் என்னைப் பார்த்தான், டீச்சர் என்றால் சொல்லிவிடுவார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். "எடுங்க தம்பி" என்றேன். போனைத் தூக்கினான். "என் முகத்தை வேணாம். இதை எடுங்க" என்று குழாயைக் காட்டினேன். கையிலிருந்து போகிறது, மெஷினைச் சுற்றி, திரும்பக் கைக்கு வருகிறது, சிவப்பாக, சூடாக, தொட்டுப்பார் என்றேன், சூடாக இருக்கும். அவன் தொடவில்லை. "இதை மேல அனுப்புங்க. இவங்க வழி இந்தக் குழாய் அகலம்தான் இருக்குன்னு சொல்லுங்க. இதையும் அடைக்கறதுக்கு நாங்க ஒத்துழைப்பு தர்றதா இல்லைன்னு சொல்லுங்க." போனைக் குழாய்ப் பக்கம் சாய்த்தான். எடுத்தானா இல்லையா தெரியாது. நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு, துணிப்பையை என் காலடியில் வைத்துவிட்டு, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. பேசியது போதாது என்று ஒரு பக்கம், அதிகப்படி என்று ஒரு பக்கம். இப்படி எத்தனை பேரிடம் எத்தனை நறுக்கென்ற வாக்கியம் சொல்லியிருக்கிறேன், எதனால் எது நின்றிருக்கிறது. மைதானத்தைக் கொடுக்காதீர்கள் என்று பள்ளிக்கூட கரஸ்பாண்டன்ட் அறையில் நின்று பேசினேன், எழுந்து நின்று கைதட்டாத குறை, மறுநாள் கம்பி வந்து இறங்கியது. வாயால் சொல்வதைக் கேட்டுக்கொள்வதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், அதற்குத்தான் சம்பளம், அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருக்கும். கட்டக் கட்டக் கட்ட. நின்றது. இப்போது வேறு சத்தம், இரும்பில் இரும்பு விழுகிற சத்தம், தகடு அதிர்கிற சத்தம், மழைக்கு முன்னால் கூரையில் காற்று அடிக்கிற மாதிரி. கால் குளிர்கிறது. இடது கெண்டைக்கால் இழுக்கப்போகிறது, எனக்குத் தெரியும், இழுப்பதற்கு முன்னால் ஒரு பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு இழுத்துக்கொண்டால் கட்டைவிரலைப் பிடித்து மேலே வளைப்பேன், அலறுவார்கள், அலறினால் அலறு, விடமாட்டேன் என்பேன். எனக்கு யார் வளைப்பது, என் கை கட்டிக்கிடக்கிறது. ஷர்மிளா வந்து வளைத்தாள். "முடிஞ்சிருச்சு டீச்சர், எடுத்துடறேன்" என்றாள். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, என் விரலையே அதன் மேல் வைத்து அமுக்கச் சொன்னாள். விரலுக்குக் கீழே கிர்ர் என்று என் நரம்பு உறுமுகிறது. ஆபரேஷன் செய்து இரண்டு நரம்பைச் சேர்த்துவிட்டதிலிருந்து அது இப்படித்தான், பூனையைப் போல. அது உறுமுகிறவரைக்கும் பயமில்லை. எழுந்தேன். தரை தூரத்தில் இருந்தது. "பிரஷர் கொஞ்சம் கம்மியா இருக்கு, உக்காந்துட்டுப் போங்க" என்றாள் ஷர்மிளா. என் நாற்காலிக்கு அடுத்த ஷிஃப்ட் அம்மா ஏற்கனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகம் சரியில்லை, வேர்வை கொட்டுகிறது, மூச்சு இரைக்கிறது. "பாலம் ஏறித்தான் வந்தேன்" என்றாள். "ஏன்?" என்றேன். "வெளிய பாக்கலையா நீங்க?"

கதவைத் திறந்தால் எதிரே தகரம். எங்கள் வாசல் முழுக்க, என் உயரத்துக்கு மேலே, நீலமும் வெள்ளையும் அடித்த தகரம், வரிசையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கேட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம் மட்டும். காலையில் நான் வந்து இறங்கும்போது அங்கே ரோடு இருந்தது. என் ரத்தத்தை நான் சுத்தப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், இவன் உள்ளே நின்று அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஒவ்வொரு கட்டக் கட்டவுக்கும் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். நான் ஒயருக்குப் பயந்துகொண்டு கிடந்தேன். தகரத்தில் கொட்டை எழுத்தில், சிரிக்கிற குடும்பத்தின் படத்தோடு, உங்கள் பொறுமை எங்கள் வேகம். போன் அடித்தது, மொய்தீன் பாய். "டீச்சர், உள்ள வுட மாட்றாங்கோ. அந்தாண்ட பாலத்துக்குக் கீழ நிக்கறேன். நான் ஏறி வந்து கூட்டிட்டுப் போவட்டா?" அவருக்கு மூட்டுவலி. நானே வருகிறேன் என்றேன். திரும்பினால் அபினேஷ் பின்னால் நிற்கிறான், ஷூவில் இன்னும் அந்த நீல உறை, வாய் திறந்திருக்கிறது. "மேடம், சத்தியமா எனக்கும் அடுத்த மாசம்னுதான் சொன்னாங்க." அவன் முகம் பொய் சொல்கிற முகமாக இல்லை. "சரி, வாங்க" என்றேன். "எங்கே?" "நீங்க சொன்ன வழியாத்தான். பாதுகாப்பான வழி." கையை விரலால் அமுக்கிக்கொண்டே நடந்தேன். தகரத்தின் ஓரமாக, மண்ணும் ஜல்லியும், ஒவ்வொரு அடிக்கும் பாதம் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. அவன் தோளைக் கொடுத்தான், வேண்டாம் என்றேன், பிறகு பிடித்துக்கொண்டேன். தகர வரிசை முடிகிற இடத்தில் லாரி நின்றது, மீதித் தகரங்களோடு. அதற்கப்பால் பாலத்தின் படிகள். மேலே பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. படிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரும்புச் சுவராகி, சுவர் சாய்ந்து, அதற்குமேல் இருந்த வானம் ஒரு பக்கமாக வழிந்தது. காதுக்குள் கிர்ர் என்று கேட்டது. விழவில்லை. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், நான் விழவில்லை, உட்கார்ந்தேன். லாரிக்கு முன்னால், ரோட்டில், முட்டியை மடித்து.

முதலில் ஜல்லியின் சூடு. பிறகு யாரோ ஓடிவருகிற சத்தம். கம்பம் நட்டுக்கொண்டிருந்த பையன்கள் துளைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு ஹிந்தியில் என்னவோ சொன்னார்கள், ஒருவன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், எவ்வளவு ஆசையாக இருந்தது அந்தத் தண்ணீர், ஒரு வாய் மட்டும் நனைத்துக்கொண்டேன். ஷர்மிளா கையில் பிரஷர் மெஷினோடு வந்து திட்டிக்கொண்டே என்னைச் சாய்த்து, அபினேஷின் மடியில் என் காலைத் தூக்கி வைத்தாள். மக்கள் தொடர்பு மடியில் என் கால். லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். அணைத்ததும் வந்த நிசப்தத்தில் மேஸ்திரி வந்தான், மஞ்சள் தொப்பி. "இன்னா சார் இது, வண்டி நிக்குது பாருங்க, இவங்கள ஓரமா உக்கார வையுங்க." அபினேஷ் என் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "மேடம், எழுந்திரிக்க முடியுமா?" என்றான். "முடியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், கால் இரண்டும் எங்கேயோ இருந்தன, எழு என்றால் கேட்கிற தூரத்தில் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் மேஸ்திரி ஒரு அடி பின்னால் போனதைப் பார்த்தேன். அபினேஷின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அட. இத்தனை வருஷம் எத்தனை நறுக்கென்ற வாக்கியம், ஒன்றுக்கும் ஒரு ஆணி கழலவில்லை, இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு லாரி நிற்கிறதே. என் இயலாமை எது, என் மறுப்பு எது என்று பிரித்துக் கேட்க இவர்களுக்கு வழியே இல்லை. எனக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அதற்குள் சென்டர் வாசலில் சத்தம், தணிகாசலத்தை மருமகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறாள். அவருடைய வேன் அந்தப் பக்கமே நின்றுவிட்டதாம். ஜல்லியில் சக்கரம் ஓடவில்லை, பாட்டில் கொடுத்த பையன் வந்து தூக்கிவிட்டான். என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். "இன்னா டீச்சர், இங்கதான் ஸ்டாப்பிங்கா?" என்றார். ஆமாம் என்றேன். பாலம் ஏறி வந்த அம்மாவின் மகன் வந்து நின்றான். லாரிக்குப் பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அபினேஷ் என் காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போன் பேசினான். முதலில் சார் சார் என்று. பிறகு குரல் ஏறியது, அவனுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அவனுக்கே புதிதாக இருந்திருக்கும். "சார், நான் அடுத்த மாசம்னு சொல்லிட்டு வெளிய வந்தா தகரம் நிக்குது சார். நான் என்னன்னு சொல்லட்டும்? ஒரு அம்மா ரோட்டுல கிடக்காங்க சார்." கிடக்கவில்லை என்று திருத்தினேன், உட்கார்ந்திருக்கிறேன். அவன் திரும்பிப் பார்த்து, "உக்காந்துருக்காங்க சார், எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள். அவன் போனை மேஸ்திரியிடம் கொடுத்தான், மேஸ்திரி கேட்டான், தொப்பியைக் கழற்றிச் சொறிந்தான், பையன்களைப் பார்த்து என்னவோ சொன்னான். அவர்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு எதிரே போனார்கள். நட்டு கழல்கிற கிறீச் சத்தம். ஒரு தகரம், சிரிக்கிற குடும்பத்தில் அப்பா இருக்கிற தகரம், கழன்று சாய்ந்தது, அதற்குப் பின்னால் பைபாஸ் தெரிந்தது, பஸ், வெயில், எல்லாம் அப்படியே. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது மொய்தீன் பாயின் ஆட்டோ வளைந்து வளைந்து, கண்ணாடியை மடக்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் நுழைந்தது. பையன்களில் ஒருவன் கை தட்டினான். அபினேஷ் என் முன்னால் உட்கார்ந்தான், பேன்ட் முழுக்கப் புழுதி, நீல உறை கிழிந்து தொங்குகிறது. "ஆட்டோ வந்துருச்சு மேடம். இந்த வழி இப்படியே இருக்கும், மூணு வருஷமும் இருக்கும், எங்க பெரிய சார்கிட்ட உத்தரவு வாங்கிட்டேன். இப்ப எழுந்திரிங்க மேடம்." நல்ல பிள்ளை. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஷர்மிளா பிரஷரைப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்றாள். காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன், இரண்டும் வந்துசேர்ந்திருந்தன. கெண்டைச்சதை இளகியிருந்தது, தரை அதன் இடத்தில் இருந்தது. கையை ஊன்றினால் ஒரே மூச்சில் எழுந்துவிடலாம். தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், படியில் எத்தனை பேர் தொங்கலாம் என்று கணக்குப் பார்க்கிற கண்டக்டர் மாதிரி. ஆட்டோவே கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் வந்தது. அவருடைய வேன் இதில் நுழையாது. ஆம்புலன்ஸ் நுழையாது. இன்னொரு தகரம் போகவேண்டும், அம்மா இருக்கிற தகரம். "மேடம்?" என்றான் அபினேஷ். சேலையை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"முடியாது" என்றேன்.